பழைய ‘இந்து’ புரோமைடு தாள் இன்னும் வேலை செய்யுமா?

கேள்வி: தாத்தா நடத்திய ஸ்டூடியோவைக் காலி செய்தபோது, பிரிக்காத ‘இந்து’ (Indu) புரோமைடு தாள் (கறுப்பு வெள்ளைப் படங்களை அச்சிடும் போட்டோ தாள்) பெட்டிகள் கிடைத்தன. அவற்றில் பிரிண்ட் போட முடியுமா? புதிதாக வாங்கக் கிடைக்குமா?

பதில்: முதலில், ஆவலில் பெட்டியை வெளிச்சத்தில் திறந்துவிடாதீர்கள். உள்ளே இருக்கும் கறுப்பு உறையைப் பகலில் ஒருமுறை பிரித்தாலே அத்தனை தாளும் வீண்.

புதிதாகக் கிடைக்காது. ‘இந்து’ என்பது உதகமண்டலத்தில் இயங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனத்தின் முத்திரை. 1960இல் தொடங்கப்பட்டு, பிரான்ஸின் போஷே நிறுவனத்தின் தொழில்நுட்பத்துடன் 1967இல் உற்பத்திக்கு வந்தது. ஃபிலிமில் ரசாயனப் பூச்சு பூசும்போது ஒரு தூசி விழுந்தாலும் படத்தில் புள்ளி விழும். தூய காற்றும் குளிரும் உள்ள நீலகிரியைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவே காரணம். கறுப்பு வெள்ளை ஃபிலிம், புரோமைடு தாள், மருத்துவமனைகளுக்கான எக்ஸ்ரே ஃபிலிம் எல்லாம் அங்கிருந்து வந்தன. பின்னர் டூபான்ட் தொழில்நுட்பத்தில் பாலியெஸ்டர் எக்ஸ்ரே ஃபிலிமுக்காகப் பெரும் முதலீடு செய்தது. கடன் ஏறியது, இறக்குமதி பெருகியது, 1990களின் நடுவில் நலிந்த நிறுவனமானது. டிஜிட்டல் படம் வந்தபின் மீளவே இல்லை. இப்படிப்பட்ட ஓர் ஆலையை நாம் இழந்தது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

உங்கள் தாளுக்கு வருவோம். வயதைவிட, அது வெப்பத்திலும் ஈரத்திலும் எவ்வளவு கிடந்தது என்பதே முக்கியம். முழு இருட்டில் ஒரு தாளை எடுத்து இரண்டு துண்டாக வெட்டுங்கள். ஒன்றை நேராக ஹைப்போவில் (படத்தை நிலைநிறுத்தும் கரைசல்) போடுங்கள். மற்றதை இரண்டு நிமிடம் டெவலப்பரில் (படத்தை வெளிக்கொணரும் கரைசல்) வைத்து, நீரில் அலசி, பிறகு ஹைப்போவில் போடுங்கள். சிவப்பு விளக்குகூட வேண்டாம். விளக்கால் வந்த கருமையா, வயதால் வந்ததா என்ற குழப்பம் பிறகு வரும்.

வெளிச்சத்தில் இரண்டையும் அருகருகே வையுங்கள். இரண்டும் ஒரே வெண்மை என்றால் தாள் நன்றாக இருக்கிறது. இரண்டாவது லேசாகச் சாம்பல் பூத்திருந்தால், ஒரு லிட்டர் டெவலப்பரில் இந்தச் சாம்பலைக் குறைக்கும் பென்ஸோட்ரையசோல் என்ற ரசாயனத்தின் 1 சதவீதக் கரைசலை 10 முதல் 20 மில்லி சேர்த்து மீண்டும் பாருங்கள். கருமை குறையும், தாளின் வேகமும் (ஒளியை உணரும் திறன்) குறையும், ஆகவே என்லார்ஜரில் (நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் விழச் செய்யும் கருவி) கூடுதல் நேரம் ஒளி கொடுங்கள். பழைய தாளில் கான்ட்ராஸ்ட் (கறுப்பு வெள்ளை வேறுபாடு) தளர்ந்திருக்கும் என்பதால், பெட்டிகளில் அந்த வேறுபாட்டைக் கூட்டித் தரும் ‘ஹார்டு’ கிரேடு இருந்தால் அதிலிருந்து தொடங்குவது நல்லது.

நன்றாகக் கருத்துவிட்டாலும் எறிய வேண்டாம். தாளின் மேல் இலையையோ பூவையோ வைத்து, கண்ணாடியால் அழுத்தி, வெயிலில் ஓரிரு மணி நேரம் விடுங்கள். டெவலப்பர் இல்லாமலே இளஞ்சிவப்பிலும் பழுப்பிலும் உருவம் பதியும். இதற்கு லூமன் பிரிண்ட் என்று பெயர். டெவலப்பரைத் தொடாததால் பழைய கருமை இங்கே வெளிப்படாது. ஹைப்போவில் இட்டால் நிறம் சற்று மாறும், ஆனால் படம் நிலைக்கும்.

மீதமுள்ள பெட்டிகளைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையில் கட்டி ஃபிரிட்ஜில் வையுங்கள். வெளியே எடுத்ததும் திறக்காமல், அறை வெப்பத்துக்கு வரும்வரை சில மணி நேரம் காத்திருங்கள். இல்லையெனில் பனித்துளி படிந்து தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.