மூக்கில் கொம்புள்ள ஓணான் வீட்டுக்குப் பின்னால் வந்திருக்கிறது, விஷமா? அடித்துவிடலாமா?

விஷம் இல்லை. அடிக்க வேண்டாம். அவசரக்காரர்கள் இத்தோடு போகலாம்.

நுவரெலியா பக்கம் என்று போட்டிருக்கிறீர்கள், வீட்டுக்குப் பின்னால் ஒரு காட்டுத் துண்டு இருக்குமென்று நினைக்கிறேன். படத்தில் இருப்பது காண்டாமிருகக் கொம்பு ஓணான். இலங்கையின் மத்திய மலைநாட்டை விட்டால் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. கொம்பு மாதிரி நிற்பது நீண்டுபோன செதில்தான், குத்தாது.

நான் விலங்கியல் படித்தவன் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது வந்து கேட்பார்கள். இதில் ஒன்றைக் கொன்றவன், அந்தத் தகுதியில் எழுதுகிறேன். ஹக்கலவுக்கு அந்தப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், வளர்ந்தேன். பத்துப் பதினொரு வயதில் அம்மாயியோடு விறகுக்குப் போனபோது பாசி பிடித்த மரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. ராமருக்குத் தாகமெடுத்தபோது அணில் இளநீர் கொடுத்தது, ஓணான் மூத்திரம் கொடுத்தது என்ற கதையைக் கேட்டு வளர்ந்த பையனுக்கு ஓணானைக் கண்டால் கை தானாகக் கல்லைத் தேடும். ஊர் ஓணான் என்றால் ஓடியிருக்கும். இது அசையவே இல்லை, பாசியோடு பாசியாக இருந்தால் தப்பிக்கலாம் என்பது அதன் கணக்கு. முதல் கல்லிலேயே விழுந்துவிட்டது. அம்மாயி கொம்பைப் பார்த்துவிட்டு, "எந்தச் சாமியோடதோடா இது" என்று ஒரு கும்பிடு போட்டுவிட்டு விறகைத் தூக்கினார்.

இப்போது அந்தக் காட்டில் பாதி மரக்கறித் தோட்டம், லீக்ஸும் கரட்டும். இதற்கு நிழலும் ஈரமும் வேண்டும், வெயிலடிக்கும் தேயிலை மலையைக் கடந்து அடுத்த காட்டுக்குப் போவது லேசில்லை.

இதைச் சொன்னால் உடனே "தோட்டத்து ஆட்கள் விறகு வெட்டித்தான் காடு போனது" என்று ஒருவர் வருவார். ஐயா, முதலில் கோப்பிக்கும், 1869இல் இலைநோய் வந்து கோப்பி படுத்த பிறகு தேயிலைக்கும் மலை மலையாக வெட்டச் சொன்னது யார்? வெட்டியது எங்கள் ஆட்கள்தான், கூலிக்கு. ஒருமுறை ஒரு அதிகாரி வந்து காட்டைப் பாதுகாப்பது பற்றி ஒன்றரை மணி நேரம் சிங்களத்தில் பேசினார். கொடுத்த தாளிலும் ஒரு தமிழ் எழுத்து இல்லை. முன்னால் உட்கார்ந்திருந்த கிழவிகள் சம்பள உயர்வு என்று நினைத்துக் கைதட்டினார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

சரி, உங்கள் விஷயம். கையில் எடுக்காதீர்கள், சட்டப்படி பாதுகாக்கப்பட்ட உயிர். பூனை இருந்தால் இரண்டு நாள் உள்ளே அடையுங்கள். தரையில் இறங்கி மண்ணைத் தோண்டினால் முட்டையிட வந்த பெண்ணாக இருக்கும், அந்த இடத்தில் மண்வெட்டி போடாதீர்கள். அப்புறம், படத்தில் போட்டிருக்கும் தோட்டத்தின் பெயரை உடனே எடுத்துவிடுங்கள். வெளிநாட்டில் வளர்ப்புக்கு விற்க இந்த ஓணான்களைத் தேடி ஆள் வருகிறது, 2019இல் சைட்டிஸ் என்ற, அழியும் உயிர்களின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தின் பட்டியலில் சேர்த்தது இந்த வியாபாரத்துக்குக் கடிவாளம் போடத்தான். எழுதி முடிக்கும்போது பார்த்தேன், இன்னும் எடுக்கவில்லை.