சட்டம் போட்டு மாட்டியதெல்லாம் லைசென்ஸ் ஆகுமா?

கேள்வி (பீளமேடு வாசகி): முதுகுவலிங்க எனக்கு. பக்கத்தில் புதிதாகத் திறந்த ஸ்பாவில் பத்து தடவைக்கு 12,000 ரூபாய் என்று பேக்கேஜ் போட்டேன். ரெண்டு தடவைதான் போனேன். மூன்றாம் தடவை போனால் ஷட்டரில் போலீஸ் சீல். ஆள்கடத்தல் கேஸ் என்கிறார்கள். வெளியே சொல்லவே கூச்சமாக இருக்குங்க. பணம் திரும்புமா? உள்ளே நாலு சர்டிபிகேட் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்களே, எப்படி நம்பாமல் இருப்பது?

பதில்: உங்களுக்கு எதற்குங்க கூச்சம்? முதுகுவலிக்குப் பணம் கட்டினீர்கள், கட்டியதற்கு வேலை நடக்கவில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இதற்குச் சேவைக் குறைபாடு என்று பெயர். மீதி எட்டு தடவைக்கான 9,600 ரூபாயைத் தாராளமாகக் கேட்கலாம்.

யாரிடம் கேட்பது என்பதுதான் சிக்கல். பில்லை எடுத்துப் பாருங்கள். 15 இலக்க ஜிஎஸ்டி எண் இருந்தால், ஜிஎஸ்டி இணையதளத்தில் அதைப் போட்டுத் தேடினால் கடைப்பெயருக்குப் பின்னால் இருக்கும் சட்டப்படியான பெயரும் முகவரியும் வரும். அந்த முகவரிக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம், தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் போட்டு ஒரு புகார். அசையவில்லை என்றால் கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. பில்லே தராமல் யாரோ ஒருவருடைய போன் நம்பருக்குப் பணம் அனுப்பச் சொன்னார்கள் என்றால், வரும் என்று நான் ஆசை காட்ட மாட்டேன். அந்தப் பரிவர்த்தனைப் பதிவை மட்டும் அழித்துவிடாதீர்கள்.

அப்புறம் அந்த நாலு சர்டிபிகேட். நான் பார்த்த கடைகளை வைத்துச் சொன்னால், ஒன்று உத்யம் பதிவாக, அதாவது மத்திய அரசின் சிறுதொழில் பதிவாக இருக்கும். உரிமையாளர் தானே விவரம் நிரப்பி இலவசமாக எடுப்பது அது. இன்னொன்று ஜிஎஸ்டி பதிவு. வரிக்குப் பதிவு செய்திருக்கிறார் என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. மூன்றாவது ஐஎஸ்ஓ என்கிற தரச் சான்று. நாலாவது ஏதாவது பியூட்டீஷியன் கோர்ஸ். நாலும் தங்க நிற எழுத்தில் பளபளவென்று இருக்கும். தேட வேண்டியது மாநகராட்சி கொடுக்கும் தொழில் உரிமம். அது பெரும்பாலும் ஒரு சாதாரண பிரிண்ட் அவுட்தான். யார் பெயர், எந்தக் கதவு எண், என்ன தொழில், எந்தத் தேதி வரை என்ற நான்கையும் நின்று படியுங்கள். ஒருமுறை ஆர்.எஸ்.புரம் பக்கம் ஒரு கடையில் படித்தேன். தொழில் ‘அழகு நிலையம்’ என்று இருந்தது. கதவு எண் கீழ்த்தளத்துக்கு உரியது. மசாஜ் நடந்ததோ மாடியில், படியேறியதும் ஒரு இரும்புக் கதவு, தாழ்ப்பாள் வெளிப்பக்கம். வெளியே தாழ்ப்பாள் எதற்கு என்று கேட்டேன். ரிசப்ஷன் பெண் சிரித்தாரே தவிர பதில் சொல்லவில்லை. நான் இறங்கி வந்துவிட்டேன்.

கடைக்கு உரிமம் இருப்பதால் உள்ளே வேலை செய்கிறவர்கள் விருப்பப்பட்டு இருக்கிறார்கள் என்று ஆகிவிடாது. வேலை செய்கிறவருக்குச் சான்று கொடுத்துவிட்டாலும் போதாது. கலிபோர்னியாவில் 2008-இல் ஒரு சட்டம் போட்டு, மசாஜ் செய்பவருக்கு மாநில அளவில் ஒரே சான்றிதழ் என்று கொண்டுவந்தார்கள். அந்தச் சான்று உள்ளவர்கள் நடத்தும் கடைகள் விஷயத்தில் ஊர் நிர்வாகங்களின் கை கட்டப்பட்டது. கடைகள் பெருகின, நகரங்கள் புலம்பின. 2014-இல் சட்டத்தைத் திருத்தி அதிகாரத்தை ஊர்களுக்கே திருப்பிக் கொடுத்தார்கள். ஆளுக்குச் சான்று வேறு, கடைக்கு அனுமதி வேறு என்று பிரித்துப் பார்ப்பது எனக்குச் சரியாகத்தான் படுகிறது.

உங்கள் முதுகுக்கு ஒரு வார்த்தை: வலி என்றால் ஸ்பா வேண்டாம். பதிவு பெற்ற ஆயுர்வேத, சித்த மருத்துவர் உட்கார்ந்திருக்கும் வைத்தியசாலைக்குப் போங்கள். கோவையில் அதற்கா பஞ்சம்?

கேள்வி (திருப்பூர் வாசகர்): என் கட்டடத்தின் முதல் மாடிக்கு ஸ்பா வைக்க ஒரு பார்ட்டி வருகிறார்கள். மற்றவர்கள் 18,000 தருகிற இடத்துக்கு 35,000 தருகிறேன் என்கிறார்கள். கொடுக்கலாமுங்களா?

பதில்: இரட்டை வாடகை எதற்கு என்று முதலில் அவர்களிடமே கேளுங்கள். 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தில், பத்திரிகைக்காரர்கள் விபசாரத் தடுப்புச் சட்டம் என்று எழுதுவார்களே அதில், 3-வது பிரிவு கட்டட உரிமையாளரையும் பிடிக்கும். தெரிந்தே இடம் விட்டிருந்தால் குற்றம். ‘எனக்குத் தெரியாதுங்க’ என்று சொல்லித் தப்புவதும் சுலபமில்லை. சோதனையில் உங்கள் இடம் சிக்கியது என்று உங்கள் பகுதிப் பத்திரிகையில் செய்தி வந்திருந்தால், உங்களுக்குத் தெரியும் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது உங்கள் பாடு. 18-வது பிரிவில் இடத்தையே மூடலாம். உத்தரவு போட்டதிலிருந்து ஓராண்டுக்கு மாஜிஸ்திரேட் அனுமதி இல்லாமல் வாடகைக்கு விடக்கூடாது என்றும் சொல்லலாம். சிறுவர் சிறுமியர் யாராவது உள்ளே இருந்திருந்தால் அந்தத் தடை மூன்றாண்டு. வாடகை ஒப்பந்தமும் தொழில் உரிமமும் ஒரே பெயரில் இருக்கட்டும். ஒப்பந்தத்துக்கு ஒருத்தர், உரிமத்துக்கு இன்னொருத்தர் என்றால் 18,000 தருகிறவருக்கே விடுங்கள்.

கேள்வி (ஈரோடு வாசகி): எனக்கு மசாஜ் செய்துவிட்ட பெண், தன் ஆதாரும் போனும் ஓனரிடம் இருப்பதாக மெதுவாகச் சொன்னாள். வெளியிலும் விடுவதில்லையாம். நான் என்ன செய்ய?

பதில்: ஓனரிடம் போய் நியாயம் கேட்டுவிடாதீர்கள். ராத்திரியோடு ராத்திரியாக அந்தப் பெண்ணை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள். வெளியே வந்து அவசர உதவிக்கான 112 அல்லது பெண்களுக்கான 181-க்குப் போன் போடுங்கள். வயது பதினெட்டுக்குக் கீழ் என்று தோன்றினால் குழந்தைகளுக்கான 1098. கடையின் இடம், நேரம், அவர் சொன்ன வார்த்தைகள், இவ்வளவு போதும். ‘சம்மதித்துத்தான் வந்தாள்’ என்று கடைக்காரர் சொன்னாலும் செல்லாது. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-வது பிரிவுப்படி ஆள்கடத்தலில் பாதிக்கப்பட்டவரின் சம்மதம் கணக்கில் வராது, தண்டனை ஏழு ஆண்டில் தொடங்குகிறது. அந்தப் பெண்ணைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடும் வேலை மட்டும் வேண்டாம் கண்ணு.

கேள்வி (கோபி வாசகர்): மசாஜ் அறை எல்லாவற்றிலும் கேமரா வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததல்லவா?

பதில்: அது அந்தரங்க உரிமையை மீறுவது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022 ஜனவரியில் சொல்லிவிட்டது. ரிசப்ஷனில் வைக்கட்டும், வாசலில் வைக்கட்டும். அறைக்குள் வைத்தால், எண்ணெய் தேய்த்துக் குப்புறப் படுத்திருக்கும் உங்கள் படம் யார் செல்போனில் இருக்கும் என்று யோசித்தீர்களா?