குழலைப் பார்த்துவிட்டுக் குண்டு வாங்குங்கள்: நுகர்வோர் கேள்வி-பதில்

கேள்வி (கொலம்பஸ், ஒகையோ): அலுவலக நண்பர் ஒருவர் தம்முடைய பழைய .50 காலிபர் இன்லைன் மஸில்லோடரை எனக்கு விற்றார். ஜனவரியில் வரும் மஸில்லோடர் பருவத்தில் மான் வேட்டைக்கு அழைக்கிறார். குண்டு வாங்கக் கடைக்குப் போனால் ஒரு சுவர் முழுக்கப் பாக்கெட்டுகள். சேபோ, பவர்பெல்ட், செம்பு, ஈயம், 245, 250, 295, 300 என்று எண்கள் வேறு. விற்பனையாளர் "எதை எடுத்தாலும் சரிதான்" என்றார். எதை வாங்குவது?

பதில்: எதை எடுத்தாலும் சரி என்பது இந்தத் துப்பாக்கியில் நடக்காது. சாதாரண ரைஃபிளுக்குத் தோட்டா வாங்கும்போது வெடிமருந்தும் குண்டும் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரும் ஒரே உறையில், தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வருகின்றன. மஸில்லோடரில் அந்தத் தோட்டாவே கிடையாது. நம் ஊரில் நாட்டுத் துப்பாக்கியைக் கெட்டிப்பது என்பார்களே, அதே முறைதான்: குழலின் வாய்வழியே மருந்தைக் கொட்டி, அதன்மேல் குண்டை வைத்து, கோலால் அடிவரை இறக்கவேண்டும். மிசௌரி மாநிலத்து டோனி நைட் 1985இல் கொண்டுவந்த எம்கே-85 துப்பாக்கி, பற்றவைக்கும் இடத்தைக் குழலுக்கு நேர் பின்னால் வைத்து இன்லைன் வகையைப் பரவலாக்கியது. பற்றவைப்பு மாறினாலும் கெட்டிக்கும் முறை மாறவில்லை. ஆகவே தொழிற்சாலை செய்யும் பொருத்தத்தை இங்கே நீங்கள்தான் செய்கிறீர்கள்.

அந்தப் பொருத்தம் குழலில் தொடங்குகிறது. குழலின் மேலோ பக்கவாட்டிலோ காலிபரோடு (குழலின் உள்விட்டம், அங்குலக் கணக்கில்) 1:28, 1:48 என்பது போல ஓர் எண் பொறித்திருக்கும். உள்ளே வெட்டியிருக்கும் சுழல் பள்ளம் எத்தனை அங்குலத்துக்கு ஒரு முழுச் சுற்று சுற்றுகிறது என்பதே அதன் பொருள். 1:28 என்றால் வேகமான சுழற்சி. நீளமான குண்டுகளையும் சேபோ குண்டுகளையும் நிலையாகச் சுழற்றி அனுப்பும். இன்றைய .50 இன்லைன்களில் பெரும்பாலானவை இப்படித்தான். 1:60 போன்ற மெதுவான சுழற்சி, துணி சுற்றிய உருண்டை ஈயக் குண்டுக்கானது. 1:48 இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. உருண்டையும் குட்டையான கூம்புக் குண்டும் அதில் ஒத்துப்போகும், நீளமான செம்புக் குண்டு பெரும்பாலும் ஒரே இடத்தில் விழாமல் அங்கங்கே விழும். பொறிப்பே இல்லாத பழைய துப்பாக்கியாக இருந்தால், மாடல் பெயரை வைத்துத் தயாரிப்பாளரின் கையேட்டைத் தேடிப் பாருங்கள்.

உங்கள் குழல் 1:28 என்றே வைத்துக்கொண்டு மேலே போவோம். அந்தச் சுவரில் இருப்பவை அடிப்படையில் இரண்டே வகை. ஒன்று சேபோ. பெட்டியைப் பார்த்துச் சிலர் 'சபாட்' என்று படிப்பார்கள். இரண்டு உச்சரிப்பும் கடையில் புரியும். இது ஒரு பிளாஸ்டிக் கிண்ணம். .50 குழலுக்கு .45 அல்லது .44 விட்டமுள்ள மெல்லிய குண்டை இந்தக் கிண்ணத்தில் உட்காரவைத்து இறக்குகிறோம். கிண்ணம் குழலின் பள்ளத்தைப் பிடித்துக் குண்டைச் சுழற்றும். குழலைவிட்டு வெளியே வந்ததும் இதழ் விரிந்து கழன்றுவிடும். ஹார்னடியின் எஸ்எஸ்டி-எம்எல், பார்ன்ஸின் ஸ்பிட்-ஃபயர் போன்றவை இந்த வகை.

இன்னொன்று குழலின் முழு விட்டத்துக்கே செய்த குண்டு. பவர்பெல்ட் அப்படிப்பட்டது, அதன் பின்புறம் ஒட்டியிருக்கும் சிறு பிளாஸ்டிக் பாவாடை வாயுவை அடைப்பதற்கு மட்டுமே. கெட்டிப்பது மிக எளிது என்பதால் புதியவர்கள் விரும்புகிறார்கள். அதன் ஈயம் மென்மையானது. பெருஞ்சுமை மருந்தோடு, கிட்டத்தில் நிற்கும் மானின் தோள் எலும்பில் பட்டால் அது அளவுக்கு மீறி நசுங்கிவிடும் என்பது என் கருத்து. 100 கிரெயின் (இந்தக் கணக்கை அடுத்துச் சொல்கிறேன்) அளவுக்குள் மருந்து போடுபவர்களுக்கு அது நல்ல தேர்வே.

பாக்கெட்டில் நீங்கள் பார்த்த 245, 250 போன்ற எண்கள் கிரெயின் கணக்கில் குண்டின் எடை. அதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின். 250 கிரெயின் குண்டு சுமார் 16 கிராம். வெள்ளைவால் மானுக்கு 100, 150 கெஜத்துக்குள் அது தாராளம். 300 கிரெயின் தோளை இன்னும் பலமாக உதைக்கும். எல்க் என்ற பெரிய மான் வேட்டைக்குப் போகாதவருக்கு அந்த உதை தேவையில்லை. ஆனால் ஒரு குழப்பத்தைத் தவிர்த்துவிடுங்கள். குண்டுக்குச் சொல்லும் கிரெயின் எடைக்கணக்கு. மருந்துக்குச் சொல்லும் கிரெயினோ, பெரும்பாலும் கரிமருந்தை (பழைய கறுப்பு வெடிமருந்து) அடிப்படையாக வைத்த கொள்ளளவு. மருந்தை அதற்குரிய அளவுக்குழாயில்தான் அளக்கவேண்டும். இன்றைய ரைஃபிள் தோட்டாக்களில் இருக்கும் புகையில்லா மருந்தை, அதற்கென்றே செய்யப்படாத மஸில்லோடரில் ஒரு சிட்டிகைகூடப் போடக்கூடாது. குழல் வெடித்துக் கை போகும்.

இப்போது பணத்தைப் பற்றி. ஒரு பாக்கெட்டில் 15, 20, 24 என்றுதான் குண்டுகள் இருக்கும், விலையும் குறைவில்லை. முதல் நாளே ஒரே வகையில் ஐந்து பாக்கெட் வாங்காதீர்கள். 250 கிரெயின் சேபோ ஒரு பாக்கெட், முழுவிட்டக் குண்டு ஒரு பாக்கெட் போதும். ஒரே மருந்து, ஒரே அளவு, ஒவ்வொரு சூட்டுக்கும் இடையே ஒரே மாதிரி துடைப்பு என்று வைத்துக்கொண்டு, முதலில் 50 கெஜம், பிறகு 100 கெஜம் தூரத்தில் மும்மூன்று குண்டு சுட்டுப் பாருங்கள். எது தாளில் நெருக்கமாக விழுகிறதோ அதையே அப்புறம் மொத்தமாக வாங்குங்கள். ஒரே தொழிற்சாலையின் இரண்டு துப்பாக்கிகள்கூட ஒரே குண்டை விரும்புவதில்லை. ஆகவே நண்பர் எதைச் சுடுகிறார் என்பது தொடங்கும் இடமாக மட்டும் இருக்கட்டும்.

கேள்வி (லான்சிங், மிச்சிகன்): முதல் குண்டு சுலபமாக இறங்குகிறது. இரண்டாவதுக்கு உடம்பின் முழு எடையையும் கோலின்மேல் போடவேண்டியிருக்கிறது. மூன்றாவது எங்கே போகிறது என்றே தெரியவில்லை. குண்டு மோசமா?

பதில்: குண்டைக் குறை சொல்வதற்கு முன் மூன்று இடங்களைப் பாருங்கள்.

முதலாவது கசடு. ட்ரிபிள் செவன், பைரோடெக்ஸ் போன்ற, கரிமருந்துக்கு மாற்றான மருந்துகள் எரிந்தபின் குழலில் படிவு விடும். ட்ரிபிள் செவனில் குண்டு உட்காரும் இடத்துக்கு அருகே ஒரு கெட்டி வளையமே கட்டிவிடும். கோல் இறங்கி வந்து அங்கே முட்டி நிற்பது கையில் தெரியும். ஒவ்வொரு சூட்டுக்கும் பின் லேசாக ஈரமாக்கிய துணி ஒன்று, உலர்ந்த துணி ஒன்று என்று விட்டு எடுங்கள். துணி சொட்டச்சொட்ட நனைந்திருந்தால் ஈரம் அடுத்த மருந்தைக் கெடுக்கும். பிளாக்ஹார்ன் 209 என்ற மருந்து இந்தத் தொல்லையை வெகுவாகக் குறைக்கும். விலை அதிகம், அதோடு 209 என்ற வகைப் பிரைமரும் வேண்டும்.

இரண்டாவது சூடு. தொடர்ந்து சுட்டால் குழல் கொதிக்கும், பிளாஸ்டிக் கிண்ணம் இளகும். குழலைக் கையால் பிடிக்க முடியாத சூட்டில் சேபோவை இறக்காதீர்கள். ஒரு காப்பி குடிக்கும் நேரம் ஆறவிடுங்கள்.

மூன்றாவதுதான் கடைக்குப் போகவேண்டிய விஷயம்: கிண்ணத்தின் தடிமன். .50 என்று எழுதியிருந்தாலும் குழலுக்குக் குழல் ஆயிரத்தில் ஓரிரு பங்கு அங்குலம் கூடும், குறையும். அதற்கேற்ப எம்எம்பி, ஹார்வெஸ்டர் போன்றவர்கள் ஒரே குண்டுக்குப் பல சேபோக்கள் செய்கிறார்கள். ஹார்வெஸ்டரின் க்ரஷ் ரிப் வகையில் வெளிப்புறம் வரிவரியாக இருக்கும். அந்த வரி நசுங்கிக் குழலுக்கேற்ப அமைவதால் இறக்குவது இலகு. சுத்தமான குழலில் ஒரே சீரான அழுத்தத்தில், சுத்தியல் இல்லாமல் இறங்கவேண்டும். கோலின் எடையிலேயே சரிந்து போனால் தளர்வு. அப்படிப்பட்ட குண்டு, துப்பாக்கியைத் தலைகீழாகத் தூக்கி நடக்கும்போது மருந்தைவிட்டு நகர்ந்துவிடலாம். மருந்துக்கும் குண்டுக்கும் இடையே இடைவெளி விழுந்தால், குழலை அடைத்துவிட்டுச் சுடுவதற்குச் சமம். இதைத் தடுக்க ஒரு வேலை செய்யுங்கள்: சரியாகக் கெட்டித்தபின், குழலின் வாய் மட்டத்தில் கோலின்மேல் அழியாத மையில் ஒரு கோடு போடுங்கள். அடுத்த முறை அந்தக் கோடு வாய்க்கு மேலே நின்றால் குண்டு இன்னும் உட்காரவில்லை.

சுட்டுமுடித்து எல்லோரும் துப்பாக்கியை இறக்கியபின், சுடும் மேசைக்கு முன்னே போய்க் கிண்ணங்களைப் பொறுக்குங்கள். நான் எப்போதும் செய்வது இது. நல்ல சேபோ, மலர்ந்த பூவைப்போல இதழ்கள் ஒரே அளவில் பின்னால் மடங்கி, அடிப்பாகம் முழுசாகக் கிடக்கும். ஓர் இதழ் கிழிந்து தொங்கினாலோ, அடி உருகிக் கருகியிருந்தாலோ, அந்தச் சேபோ உங்கள் மருந்துச் சுமையைத் தாங்கவில்லை. அடுத்த பாக்கெட்டுக்குச் செலவழிப்பதற்கு முன் இந்தக் காசில்லாத சோதனையைச் செய்துவிடுங்கள்.

கேள்வி (டென்வர், கொலராடோ): செப்டம்பர் மஸில்லோடர் எல்க் பருவத்துக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. வேறு மாநிலத்தில் இருந்தபோது வாங்கிய சேபோ குண்டுகளும் மருந்து வில்லைகளும் மூன்று பெட்டி இருக்கின்றன. பயன்படுத்தலாமா?

பதில்: கூடாது. கொலராடோவின் மஸில்லோடர் பருவத்தில் சேபோவுக்குத் தடை, வில்லை மருந்துக்கும் தடை. தூள் மருந்துதான். தொலைநோக்கி வைக்க முடியாது, திறந்த குறிமுனைதான். எல்க்குக்குக் குறைந்தது .50 காலிபர். உருண்டைக் குண்டோ கூம்புக் குண்டோ இருக்கலாம். கூம்பின் நீளம் விட்டத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் போகக்கூடாது. பின்புறம் பிளாஸ்டிக் பாவாடை ஒட்டிய பவர்பெல்ட் வகைக்கு அனுமதி உண்டு. ஆகவே முழுவிட்டக் கூம்புக் குண்டு வாங்குங்கள். எல்க் பெரிய உயிர், 300 கிரெயினுக்கு மேல் எடுத்துக்கொள்வது நல்லது. இருக்கும் மூன்று பெட்டியை மேசைப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம், ஆனால் பயிற்சியின் கடைசி நாட்களில் வேட்டைக்கு எடுத்துப்போகும் குண்டையே சுட்டுக் குறியைச் சரிசெய்யுங்கள். சேபோவுக்குச் சரிசெய்த குறி கூம்புக் குண்டுக்குப் பொருந்தாது.

பென்சில்வேனியாவிலும் இப்படி ஒரு சிக்கல் உண்டு. அக்டோபர் மஸில்லோடர் பருவத்தில் இன்லைன் செல்லும். கிறிஸ்துமஸுக்குப் பிந்தைய பருவத்தில் சிக்கிமுக்கிக் கல்லால் பற்றும் ஃப்ளின்ட்லாக் மட்டுமே. விதிகள் ஆண்டுக்கு ஆண்டு திருத்தப்படுவதால், குண்டு வாங்கும் முன் அந்த ஆண்டின் வேட்டை விதிப் புத்தகத்தை எடுத்துப் படித்துவிடுங்கள்.

கேள்வி (ஃப்ரெஸ்னோ, கலிஃபோர்னியா): செம்புக் குண்டு விலை அதிகம். ஈயம் போதாதா?

பதில்: உங்கள் மாநிலத்தில் முடியாது. 2019 ஜூலை 1 முதல் கலிஃபோர்னியாவில் எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டு கூடாது. வேட்டைக்காரர்கள் விட்டுப்போன விலங்கின் ஈயத்துணுக்கு கலந்த குடலைத் தின்று காண்டர் கழுகுகள் இறந்ததே இந்தச் சட்டத்துக்கு முக்கியக் காரணம். மற்ற மாநிலத்தவர்களுக்கும் நான் செம்பையே சொல்வேன், குழந்தைகள் சாப்பிடும் வீடாக இருந்தால் கட்டாயம் சொல்வேன். 2008இல் வடக்கு டகோடாவில், நன்கொடையாக வந்த மான் இறைச்சியில் ஈயத்துணுக்குகள் தென்பட்டதால், உணவு வழங்கும் மையங்கள் அதைக் கொடுக்க வேண்டாம் என்று அரசு கேட்டுக்கொண்டது. செம்பு ஈயத்தைவிட லேசானது, எனவே அதே எடையில் குண்டு நீளமாகும். 1:28 குழல் அதற்கு வேண்டும்.

கேள்வி (ராலி, வட கரோலினா): என் துப்பாக்கிக்குப் பிடித்த குண்டு அக்டோபரில் எங்கே தேடினாலும் இல்லை. எச்1பி விசாவில் இருக்கிறேன்; வாங்குவதில் சட்டச்சிக்கல் உண்டா?

பதில்: அக்டோபரில் தேடினால் கிடைக்காது, எல்லோரும் அப்போதுதான் தேடுகிறார்கள். பருவம் முடிந்த ஜனவரி, பிப்ரவரியில் கடைகள் மீதியைத் தள்ளுபடியில் தள்ளும். அப்போது இரண்டு ஆண்டுக்கு வாங்கி வையுங்கள். அஞ்சலில் வாங்குவதும் எளிது. மருந்துக்கும் பிரைமருக்கும் அபாயப்பொருள் கட்டணம் தனியாகப் போடுவார்கள். வெறும் குண்டுக்கு அது கிடையாது.

பாக்கெட் கிடைக்காவிட்டால் பாகமாக வாங்குங்கள். கைத்துப்பாக்கிக்குச் செய்யும் .452 விட்டக் குண்டு, எடுத்துக்காட்டாக ஹார்னடி எக்ஸ்டிபி 250 அல்லது 300 கிரெயின், நூறோ ஐம்பதோ கொண்ட பெட்டியில் வரும். அதற்கேற்ற .50/.45 சேபோவைத் தனியே வாங்கி இணைத்தால் ஒரு குண்டின் விலை நன்றாகக் குறையும். .430 குண்டானால் .50/.44 சேபோ. இந்த இரண்டை மாற்றிப் போட்டு ஏமாந்தவர்கள் நிறையப் பேர். பெட்டிமேல் இருக்கும் எண்ணை இரண்டு முறை படியுங்கள்.

விசாவைப் பற்றி. தோட்டா போட முடியாத, கரிமருந்திலோ அதன் மாற்றிலோ இயங்கும் மஸில்லோடர் ரைஃபிள், 1968ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டத்தில் 'பழங்கால ஆயுதம்' என்ற விலக்கில் வருகிறது. குழலை மாற்றித் தோட்டாத் துப்பாக்கியாக்கக் கூடிய வகைக்கு அந்த விலக்கு இல்லை. நான் மேலே சொன்ன கைத்துப்பாக்கிக் குண்டோ, தனியாக இருந்தாலும் சட்டத்தின் பார்வையில் தோட்டா வகைதான் (அம்யூனிஷன்). தற்காலிக விசாவில் இருப்பவர் அதை வைத்திருப்பதற்குத் தடை உண்டு. மாநிலம் தந்த செல்லுபடியாகும் வேட்டை உரிமம் உள்ளவருக்கு அந்தத் தடையிலிருந்து விலக்கும் உண்டு. எனவே முதலில் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி, அடுத்து உரிமம், அதன்பிறகே கடை. மாநிலச் சட்டம் தனி என்பதால், ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் கேட்டுவிடுவது குண்டு வாங்கும் செலவைவிட முக்கியம்.

கேள்வி (திருச்சி): டெக்சஸில் இருக்கும் என் மகன் முதன்முதலாக மான் சுட்ட குண்டை நினைவுப் பொருளாகக் கொண்டுவருகிறேன் என்கிறான். மருந்து இல்லாத வெறும் குண்டுதானே அம்மா என்கிறான். கொண்டுவரலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம், அம்மா. பையில் மறந்துபோன ஒற்றைத் தோட்டாவுக்காக இந்திய விமான நிலையங்களில் ஆயுதச் சட்டத்தின்கீழ் வழக்குக்கு ஆளானவர்கள் உண்டு. வெறும் குண்டு என்ற விளக்கத்தைப் பரிசோதனை மேசையில் நின்று சொல்லிக்கொண்டிருக்கும் நிலை உங்கள் மகனுக்கு வரக்கூடாது. கரிமருந்தும் பிரைமரும் விமானத்தில் கைப்பையிலும் கூடாது, சரக்குப் பையிலும் கூடாது.

வேட்டைக்கோ சுடும் மைதானத்துக்கோ எடுத்துப்போன பையை ஊருக்கு வரும்போது கொண்டுவரவே வேண்டாம் என்று சொல்லுங்கள். பக்கவாட்டு ஜிப்புக்குள், தையல் ஓரத்தில் ஒரு குண்டு ஒளிந்துகொண்டிருக்கும். நினைவுக்கு ஏதாவது வேண்டுமென்றால், அவன் குறிபார்த்துப் பழகிய இலக்குத் தாளைச் சுருட்டி எடுத்துவரட்டும். மூன்று ஓட்டைகள் நெருக்கமாக விழுந்த தாளாக இருந்தால் சட்டம் போட்டு மாட்டிவையுங்கள்.