மலிவான கேமராவின் இரைச்சலும் வேகமும்

கேள்வி: எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் நுண்ணோக்கியின் மேல் மலிவான யூ.எஸ்.பி. கேமரா ஒன்றைப் பொருத்தி, நீரில் மிதக்கும் நுண்துகள்களின் பிரௌனியன் இயக்கத்தை, அதாவது நீர் மூலக்கூறுகள் மோதுவதால் அவை தாறுமாறாக அசைவதை, பதிவு செய்ய விரும்புகிறோம். பெட்டியில் நொடிக்கு 30 படங்கள் என்று மட்டுமே அச்சிட்டிருக்கிறார்கள். இரைச்சலை, அதாவது பிக்சல் மதிப்புகளின் தற்செயலான ஏற்ற இறக்கத்தை, பற்றி ஒரு சொல்லும் இல்லை. விலையுயர்ந்த கருவிகள் இல்லாமல் இவ்விரண்டையும் நாங்களே அளக்க முடியுமா?

— இயற்பியல் ஆசிரியர் ஒருவர்

பதில்: முடியும். இரைச்சலை அளக்க ஒளியே அளவுகோலாகிவிடுகிறது. ஒளி பட்டு ஒரு பிக்சலில் சராசரியாக 10,000 எலக்ட்ரான்கள் சேர்ந்தால், அந்த எண்ணிக்கை படத்துக்குப் படம் அதன் வர்க்கமூலமாகிய 100 அளவுக்கு ஏறி இறங்கும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கேமராவும் இதற்கு விலக்கல்ல.

முதலில் கேமரா தானாகச் செய்யும் வேலைகளை, அதாவது எக்ஸ்போஷர் (ஒளி பெறும் நேரம்), கெயின் (சமிக்ஞைப் பெருக்கம்), காமா (ஒளிர்வை நேர்விகிதமின்றி மாற்றுதல்), இரைச்சல் நீக்கம் ஆகியவற்றை நிறுத்திவிட்டு, சுருக்கப்படாத படங்களையே சேமியுங்கள். லென்ஸைக் கழற்றி, வெள்ளைத்தாளின் பின்னே மின்கலத்தில் எரியும் எல்.இ.டி. ஒன்றை வையுங்கள், வீட்டு மின்சாரத்தில் எரியும் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிப்பதால் அவை இதற்கு உதவா. எக்ஸ்போஷர் நேரத்தைப் படிப்படியாகக் கூட்டி, ஒவ்வொரு நிலையிலும் இரண்டு படங்கள் எடுத்து ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால், தூசியும் பிக்சலுக்குப் பிக்சல் உள்ள நிலையான வேறுபாடும் நீங்கிவிடும். அந்த வித்தியாசத்தின் விலக்க வர்க்கச் சராசரியில் பாதியை, கருமை அளவு (ஒளியே இல்லாதபோதும் கேமரா காட்டும் மதிப்பு) கழித்த சராசரி ஒளிர்வுக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு கிடைக்கும். அதன் சாய்வு 0.25 என்றால், கேமரா காட்டும் ஓர் அலகு 4 எலக்ட்ரான்களுக்குச் சமம். கோடு தொடக்கத்திலிருந்தே வளைந்தால் காமா இன்னும் இயங்குகிறது என்று ஐயுறலாம்.

இனி மூடியிட்டு இரண்டு இருட்டுப் படங்கள் எடுத்து, அவற்றின் வித்தியாசத்தின் திட்ட விலக்கத்தை 1.414ஆல் வகுத்து எலக்ட்ரானாக மாற்றினால், அதுவே வாசிப்பு இரைச்சல், அதாவது பிக்சலைப் படிக்கும்போது கேமராவே சேர்க்கும் இரைச்சல். இருட்டுப் படம் முழுவதும் பூஜ்யமாகவே இருந்தால் மகிழ வேண்டாம்: இரைச்சல் பூஜ்யத்துக்குக் கீழே வெட்டுப்பட்டிருக்கிறது, கருமை அளவைச் சற்று உயர்த்தி மீண்டும் எடுங்கள்.

ஆனால் உங்கள் சோதனையில் வெளிச்சம் தாராளமாக இருக்கும் என்பதால், நான் இரைச்சலைவிட வேகத்துக்கே கூடுதல் கவனம் கொடுப்பேன். நொடிக்கு 15 படங்களே வரும்போது 30 என்று நம்பிக் கணக்கிட்டால், விரவல் குணகம் (துகள்கள் எவ்வளவு வேகமாகப் பரவுகின்றன என்பதன் அளவு) இரு மடங்காகவும், அதிலிருந்து பெறும் அவகாட்ரோ எண் பாதியாகவும் வரும். இப்படி நேர்வது அரிதன்று. எக்ஸ்போஷர் 100 மில்லிநொடி என்றால் நொடிக்கு 10 படங்களுக்கு மேல் எடுக்கவே இயலாது. சில மென்பொருள்கள் பழைய படத்தையே மறுபடி எழுதி எண்ணிக்கையை நிரப்பவும் செய்யும். அதைக் கண்டுபிடிக்க இரைச்சலே துணை: உண்மையான இரண்டு படங்கள் ஒவ்வொரு பிக்சலிலும் ஒத்துப்போவதில்லை என்பதால், வித்தியாசம் முழுக்கப் பூஜ்யமாக வந்தால் அது நகல்தான்.

மலிவான கேமராக்களில் பெரும்பாலானவை ரோலிங் ஷட்டர் வகை; படத்தை வரிவரியாகப் படிப்பவை. எல்.இ.டி.யை நொடிக்கு 1,000 முறை சிமிட்டச் செய்து, அரை மில்லிநொடிக்கும் குறைந்த எக்ஸ்போஷரில் ஒரு படம் எடுங்கள். அதில் 20 வெளிச்சப் பட்டைகள் தெரிந்தால், முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் இடையே ஏறத்தாழ 20 மில்லிநொடி கடந்திருக்கிறது. படத்தின் மேற்பகுதித் துகளையும் கீழ்ப்பகுதித் துகளையும் ஒரே கணத்தில் பார்த்ததாகக் கொள்ள முடியாது.