லெவலுக்கா, காசுக்கா? ரூன்ஸ்கேப் கைவினை: கேள்வி–பதில்

கேள்வி: ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப் ஆன்லைன் விளையாட்டில் கிராஃப்டிங் (கைவினை) லெவலை எப்படியோ 63-க்குக் கொண்டுவந்துவிட்டேன். பச்சை டிராகன் தோலில் மேலாடை தைத்து விற்றால் ஒவ்வொன்றிலும் நஷ்டம் வருகிறது. தோலை விட, தைத்த ஆடையின் விலை எப்படிக் குறைவாக இருக்க முடியும்? நான் ஏதாவது தப்பு செய்கிறேனா?

பதில்: தையலில் தப்பில்லை. உங்களோடு போட்டிக்கு நிற்பவர்கள் யாரும் அந்த ஆடையை விற்றுச் சம்பாதிக்க வரவில்லை, அதுதான் விஷயம். ஓர் ஆடைக்கு மூன்று பதனிட்ட தோல் போகும், 186 எக்ஸ்பி, அதாவது லெவலை ஏற்றும் அனுபவப் புள்ளி, வரும். அவர்களுக்கு வேண்டியது அந்த 186 மட்டும்தான். 63-இலிருந்து உச்ச லெவலான 99 வரை இதே ஆடையைத் தைத்தே போகிறவர் 68,000-க்கும் மேல் தைக்க வேண்டியிருக்கும், அப்படி எத்தனையோ பேர் தைக்கிறார்கள், இவ்வளவையும் உடுத்த அந்த உலகத்தில் ஆள் கிடையாது. ஆக மொத்தம் எல்லாம் ஹை ஆல்கெமிக்குத்தான் போகிறது. அந்த மந்திரம் பொருளின் அடிப்படை மதிப்பில் 60 சதவீதத்தைக் காசாகத் தரும், பச்சை மேலாடைக்கு அது 4,680. இதில் மந்திரம் போடச் செலவாகும் ஒரு நேச்சர் ரூன் கல்லின் விலையைக் கழித்தால் என்ன வருமோ, ஆடையின் சந்தை விலை அதை ஒட்டியே நிற்கும். தோலின் விலை அதற்குக் கட்டுப்பட்டதில்லை. லெவல் ஏற்றுகிறவர்கள் இருக்கும்வரை அது மேலேதான் இருக்கும். ஒரு தோல் 1,700 என்று வைத்துக்கொள்ளுங்கள், மூன்றுக்கு 5,100 ஆயிற்று, ஆடையை 4,600-க்குத் தள்ளினால் 500 போச்சு. அந்த 500 என்பது 186 எக்ஸ்பிக்கு அவர்கள் கொடுக்கும் விலை. அவர்கள் அதைத் தெரிந்தே, சந்தோஷமாகக் கொடுக்கிறார்கள். உங்களுக்குக் காசு வேண்டும் என்றால் அந்த வரிசையில் நிற்கவே கூடாது.

எக்ஸ்பி கிடைக்காத வேலையைத் தேடிப் போங்கள். பதனிடுதலையே எடுத்துக்கொள்வோம். அல் கரிட் ஊரில் எல்லிஸ் என்ற பதனிடுபவரிடம் பதனிடாத பச்சை டிராகன் தோலைக் கொடுத்தால் ஒன்றுக்கு 20 காசு வாங்கிக்கொண்டு பதனிட்டுத் தருவார், எக்ஸ்பி பூஜ்யம். பையில் 28 இடம், காசுக்கு ஒன்று போக 27 தோல், வங்கிக்கும் அவர் கடைக்கும் நடையாய் நடக்க வேண்டும், யாருக்கும் பிடிக்காத சலிப்பான வேலை. லெவல் ஏற்றுகிறவர் இந்த நடையைத் தவிர்க்கத்தான் பதனிட்ட தோலாகவே வாங்குகிறார், நீங்கள் அந்த நடையை விற்கிறீர்கள். பதனிடாத தோலுக்கும் பதனிட்ட தோலுக்கும் உள்ள விலை வித்தியாசத்தில் அந்த 20-ஐயும் விற்பனை வரியையும் கழித்தது போக மிச்சம் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள், அப்புறம் நடையைத் தொடங்குங்கள். லூனார் என்ற மந்திரத் தொகுப்பில் வங்கி வாசலிலேயே பதனிடும் மந்திரம் ஒன்று உண்டு, மேஜிக் லெவல் 78 வேண்டும். வேகம்தான், ஆனால் அதில் மேஜிக் எக்ஸ்பி வருகிறது, வருவதாலேயே ரூன் செலவு போக லாபம் சுருங்கிவிடும். எக்ஸ்பி எட்டிப் பார்க்கும் இடத்தில் காசு ஒதுங்கிக்கொள்கிறது, இந்த விளையாட்டில் கிட்டத்தட்ட எல்லாக் கைத்தொழிலிலும் இதைப் பார்க்கலாம்.

கேள்வி: புதிதாக ஆரம்பித்திருக்கிறேன், கிராஃப்டிங் 10தான். ஆளிச் செடியை நானே பறித்து, நானே நூற்று, வில் நாண் விற்கிறேன். மூலப்பொருள் இலவசம் என்பதால் வருவதெல்லாம் லாபம்தானே?

பதில்: இல்லைங்க. இதில் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். சீயர்ஸ் கிராமத்துக்குத் தெற்கே போய் நீங்கள் பறித்த ஆளி, விளையாட்டுக்குள் இருக்கும் பொதுச் சந்தையான கிராண்ட் எக்ஸ்சேஞ்சில் அப்படியே விலை போகும் சரக்கு. அதை நூற்காமல் விற்றிருந்தால் கையில் ஒரு தொகை வந்திருக்கும், இல்லையா? நாண் விற்ற காசில் அந்தத் தொகையைக் கழித்துவிட்டுப் பாருங்கள், மிச்சம்தான் நூற்றதற்கான கூலி. பறிப்பதில் வருமானம் நன்றாக இருந்து நூற்பதில் ஒன்றும் இல்லை என்றால் பறிப்பதோடு நிறுத்துங்கள். தலைகீழாக இருந்தால் பறிக்கவே வேண்டாம், ஆளியை மொத்தமாக வாங்கி லம்பிரிட்ஜ் கோட்டையில் நூற்கலாம். அங்கே இராட்டினம் ஒரு மாடியில், வங்கி அதற்கு மேல் மாடியில், ஏறி இறங்கினால் போதும்.

பெரிய லெவலுக்குப் போன பிறகும் இதே கணக்கு விடாமல் துரத்தும். வாரோக்கில் ஸாஃப் என்ற கடைக்காரர், வாரோக் டைரியை (அந்த ஊருக்கான சவால் பட்டியலை) முடித்தவர்களுக்குத் தினமும் போர்க்கோல்களை 7,000 விலையில் தருவார்: எளிய டைரிக்கு 15, அடுத்ததற்கு 30, அப்புறம் 60, கடைசியில் 120. கிராஃப்டிங் 66 இருந்தால் அதில் காற்று உருண்டையைப் பொருத்தலாம், பொருத்திய கோலை ஆல்கெமி செய்தால் 9,300. உருண்டை 1,300, நேச்சர் ரூன் 100 என்று வைத்தால் ஒரு கோலில் 900 நிற்கும், 120 கோலுக்கு 1,08,000. கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் அந்த 7,000 கோலை எதுவும் செய்யாமல் சந்தையில் அப்படியே விற்றால் என்ன வரும்? வரி போக 7,700 வருமென்றால், அந்த 900-இல் 700 ஸாஃபின் தள்ளுபடியில் வந்தது, கைவேலையில் வந்தது 200தான். இரண்டையும் தனித்தனியாக எழுதிப் பழகுங்கள். உருண்டை விலை ஏறுகிற நாளில் பொருத்துவதால் பணம் குறைகிறது என்பதே தெரியாமல் பொருத்திக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். (காற்று உருண்டையை நாமே உருவேற்றலாம், மேஜிக் 66 போதும். ஆனால் அதை உருவேற்றும் தூண், வீரர்கள் ஒருவரையொருவர் தாக்கக்கூடிய வைல்டர்னஸ் பகுதிக்குள் இருக்கிறது, மற்றவர்கள் வந்து அடிப்பார்கள். உருண்டைக்கு விலை இருப்பதற்கு அந்தப் பயமும் ஒரு காரணம்.)

கேள்வி: கிராண்ட் எக்ஸ்சேஞ்சில் காட்டும் விலையை வைத்துக் கணக்குப் போட்டேன், லாபம் வர வேண்டும். விற்றால் வரவில்லை. ஏன்?

பதில்: இரண்டு காரணம் இருக்கும். முதலாவது வரி. 2021 டிசம்பரில் 1 சதவீதமாக வந்தது, 2025 மே மாதம் 2 சதவீதமானது, விற்பவர் தலையில்தான் விழும். 4,000 காசுப் பொருளுக்கு 80 போகும். உங்கள் லாபமே 100 என்றால் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள். 50 காசுக்குக் கீழுள்ள பொருட்களுக்கு வரி கிடையாது, சில்லறைச் சரக்கில் வேலை செய்பவர்களுக்கு அது நல்ல செய்தி. இரண்டாவது, திரையில் தெரிவது வழிகாட்டி விலை. அது மெதுவாகத்தான் நகரும், உண்மை வியாபாரம் அதற்கு மேலோ கீழோ நடந்துகொண்டிருக்கும். ஒரே ஒரு பொருளை அதிக விலை சொல்லி வாங்கிப் பாருங்கள், உடனே கிடைக்கும் விலை தெரியும். அதையே மிகக் குறைத்துச் சொல்லி விற்றுப் பாருங்கள், உடனே போகும் விலை தெரியும். இந்த இரண்டையும் வைத்துக் கணக்குப் போடுங்கள். ஓல்டு ஸ்கூல் விக்கியில் நடப்பு விலைகளும் இருக்கின்றன. அப்புறம், ஒவ்வொரு பொருளுக்கும் நான்கு மணி நேரத்துக்கு இவ்வளவுதான் வாங்கலாம் என்று வரம்பு உண்டு, மொத்தக் காசையும் ஒரே சரக்கில் போடத் திட்டமிடுகிறவர்கள் அதை முன்கூட்டியே பார்ப்பது நல்லது.

கேள்வி: என் மகன் பிளஸ் டூ படிக்கிறான். இந்த விளையாட்டில் கோல்டு (விளையாட்டுக் காசு) சேர்த்து வைத்திருக்கிறான், யாரோ ஆன்லைனில் அதற்கு நிஜப் பணம் தருவதாகச் சொல்கிறார்களாம். தப்பில்லை என்கிறான். விடலாமா?

பதில்: விடாதீர்கள் அம்மா. கோல்டை நிஜப் பணத்துக்கு விற்பதை ஜாகெக்ஸ் நிறுவனத்தின் விதிகள் முழுக்கத் தடை செய்கின்றன, பிடிபட்டால் கணக்கே போய்விடும். அவன் மணிக்கணக்கில் உழைத்து வளர்த்த கணக்கு அது. வாங்குகிறவர் யார் என்றும் தெரியாது, கோல்டை வாங்கிக்கொண்டு பணம் தராமல் போனால் விளையாட்டு நிறுவனத்திடம் போய் முறையிடவும் முடியாது, ஏனென்றால் விற்றதே விதிமீறல். திருட்டுக் கிரெடிட் கார்டுகளும் இந்த வியாபாரத்துக்குள் நுழைந்திருக்கின்றன. அந்தத் தொல்லை முற்றித்தான் 2007 கடைசியிலும் 2008 ஜனவரியிலுமாக வீரர்களுக்கிடையே சுதந்திரமாகப் பொருள் மாற்றுவதையே அந்த நிறுவனம் நிறுத்தி, 2011 பிப்ரவரியில்தான் திருப்பிக் கொண்டுவந்தது.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். வெனிசுவேலாவில் பணவீக்கம் தலைவிரித்தாடிய 2017 வாக்கில், அங்கே பலர் பச்சை டிராகன்களைக் கொன்று எலும்பும் தோலும் சேர்த்து, வந்த கோல்டை டாலருக்கு விற்றுக் குடும்பத்துக்குச் சாப்பாடு வாங்கினார்கள். அவர்களைக் கேலி செய்தும் வேட்டையாடியும் மற்ற வீரர்கள் நடந்துகொண்ட விதம் எனக்கு இன்றும் கோபம் தருகிறது. அது வயிற்றுப்பாட்டுக்கான வேலை. உங்கள் மகனுக்கு அப்படி ஒரு நெருக்கடி இல்லை, தேர்வு இருக்கிறது.

அவன் திறமைக்கு விதிக்குள்ளேயே ஒரு பயன் உண்டு. பாண்ட் என்ற பொருளைச் சிலர் நிஜப் பணத்தில் நிறுவனத்திடம் வாங்கி, விளையாட்டுக்குள் கோல்டுக்கு விற்கிறார்கள். உங்கள் மகன் தன் கோல்டில் அதை வாங்கினால் ஒன்றுக்கு 14 நாள் மெம்பர்ஷிப் (கட்டணச் சந்தா) கிடைக்கும், வீட்டுக் காசு ஒரு ரூபாய் போகாது. பாண்ட் விலையைப் பதினான்கால் வகுத்து, ஒரு நாளைக்கு எவ்வளவு கோல்டு வேண்டும், அதைச் சேர்க்க எத்தனை மணி நேரம் ஆகிறது என்று அவனையே ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். நேரம் அதிகம் என்று வந்தால் தேர்வு முடியும்வரை மெம்பர்ஷிப்பையே விட்டுவிடலாம், லெவல்கள் எங்கும் போகாது.

கேள்வி: கைவினை வேலையை மொபைலில் செய்ய முடியுமா?

பதில்: முடியும். 2018 அக்டோபரில் மொபைல் பதிப்பு வந்தது, அதே கணக்கு, அதே உலகம். நூற்பது, பதனிடுவது எல்லாம் மொபைலில் தாராளமாக ஓடும். வைல்டர்னஸ் பக்கம் மட்டும் மொபைலில் போகாதீர்கள், ஒருவர் அடிக்க வந்தால் தப்பிக்க விரல் வேகம் போதாது.