குட்டையும் அகலமுமான சர்ஃப் போர்டு சின்ன அலைக்கு ஒத்துவருமா? படுத்துக்கொண்டு கையால் துழாவிப் பேடில் செய்யக் கஷ்டமாக இருக்குமா?

நீங்கள் தண்டையார்பேட்டையில் இருக்கிறீர்கள், எடை 72 கிலோ. சென்னைக்குத் தெற்கே இருக்கிற கோவளத்தில் எட்டடி சாஃப்ட் போர்டில் (பழகுகிறவர்களுக்கான மெத்தென்ற போர்டு) கற்றுக்கொண்டு, எழுந்து நிற்கவும் ஓரளவு திருப்பவும் வந்துவிட்டது. இப்போது ஐந்தரை அடி நீளத்தில் அகலமான போர்டு ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறீர்கள். “குட்டை போர்டில் பேடிலே ஆகாது, அலையே கிடைக்காது” என்று கூட இருப்பவர்கள் சொல்கிறார்கள். கேள்வி இதுதானே?

இந்த வகை போர்டை வாங்கலாம், எந்த அளவு என்பதைக் கடைசியில் சொல்கிறேன். நான் திருவொற்றியூர்க்காரன். வருடத்தில் பாதிக்கு மேல் முழங்காலுக்கும் இடுப்புக்கும் நடுவில் நிற்கிற அலைதான் எனக்குக் கிடைக்கிறது. அதற்கு நான் எடுப்பது இந்த வகை போர்டைத்தான். ஆனால் உங்கள் நண்பர்கள் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதி எது என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

பேடில் செய்வது வேறு, அலையைப் பிடிப்பது வேறு. நிறைய பேர் இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பேசுகிறார்கள்.

அலை இல்லாத இடத்தில் பேடில் செய்யும்போது போர்டு தண்ணீரைத் தள்ளிக்கொண்டுதான் போகிறது. அப்படிப் போகிற எந்த மிதவைக்கும் அதன் நீளம்தான் வேக வரம்பு. படகு கட்டுபவர்கள் போடும் கணக்குப்படி பார்த்தால் ஒன்பது அடிக்கு மணிக்குச் சுமார் ஏழரை கிலோமீட்டர், ஐந்தரை அடிக்கு ஆறுக்கும் கொஞ்சம் குறைவு. நம் கை வலுவுக்கு எட்டுகிற வேகமே ஐந்து, ஆறு கிலோமீட்டர்தான். ஆக, நீளமான போர்டு வரம்புக்குள் நிதானமாக வழுக்கிக்கொண்டு போகும். குட்டை போர்டோ வரம்பை முட்டிக்கொண்டு, மூக்குக்கு முன்னால் தண்ணீரைக் குவித்துக்கொண்டு போகும். கையை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும். எட்டடி போர்டில் கிடைத்த அந்த வழுக்கல் இதில் கிடைக்காது. உங்கள் நண்பர்கள் சொன்ன பாதி உண்மை இதுதான்.

அலை வந்து பின்பக்கத்தைத் தூக்கும்போது கணக்கு மாறுகிறது. இடுப்பளவு அலை, அதாவது ஏறக்குறைய 80 சென்டிமீட்டர் உயரமுள்ள அலை, ஒரு மீட்டர் ஆழத்துக்கு வரும்போது உடையும். அந்த ஆழத்தில் அலையின் வேகம் மணிக்குச் சுமார் 11 கிலோமீட்டர். அந்த வேகத்துக்குக் கையால் பேடில் செய்ய யாராலும் முடியாது. அலையின் சரிவில் சறுக்கித்தான் மிச்ச வேகத்தை எடுக்க வேண்டும். அந்தச் சில நொடிகளில் போர்டு தண்ணீருக்குள் உழுவதை விட்டு மேலே எழும்பி வழுக்க ஆரம்பிக்க வேண்டும். எழும்பினால் அலை உங்களுடையது. எழும்பாவிட்டால் அது அடியில் புகுந்து போய்விடும்.

எழுப்பிவிடுகிற வேலையைச் செய்வது அகலம். ஓடுகிற தண்ணீர் போர்டின் அடிப்பரப்பை மேலே தள்ளுகிறது. அந்தத் தள்ளுவிசை, பரப்பு கூடினால் அதே அளவு கூடும். ஆனால் வேகம் பாதியானால் அது கால்வாசியாகிவிடும். தலையுயர அலை மணிக்கு 17 கிலோமீட்டரில் வருகிறது, நம் இடுப்பளவு அலை 11-ல் வருகிறது. வேகத்தில் வித்தியாசம் ஆறு கிலோமீட்டர்தான், ஆனால் அங்கே கிடைக்கிற தள்ளுவிசையில் பாதிகூட இங்கே கிடைக்காது. அந்தக் குறையைப் பரப்பால்தான் ஈடுகட்ட வேண்டும். அதிலும் ஒரே அளவு பரப்பை நீளவாக்கில் வைப்பதைவிட அகலவாக்கில் வைத்தால் தண்ணீர் நன்றாகத் தூக்கும். சின்ன அலைக்கு அகலமும் தட்டையான அடிப்பாகமும் வேண்டும் என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் எர்ணாவூர்ப் பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வாருங்கள். குப்பத்துப் பையன்கள் தெர்மாகோல் பலகையை உரச்சாக்குக்குள் போட்டு, வலை பின்னுகிற நைலான் நூலால் வாயைத் தைத்து வைத்திருப்பார்கள். நெஞ்சிலிருந்து முட்டி வரைக்கும்தான் நீளம், அகலம் தோளைத் தாண்டும். பையன் முன்விளிம்பைப் பிடித்துக்கொண்டு குப்புறப் படுப்பான். அலை அவன் இடுப்பைத் தொடும்போது காலை இரண்டு முறை உதறுவான், அவ்வளவுதான். நுரைக்கு முன்னால், முழங்கால் உயரம்கூட இல்லாத அலையில், மணல் தட்டுகிற வரைக்கும் வந்துவிடுவான். பக்கத்திலேயே கட்டுமரம் கிடக்கும். நீளம், ஒடுக்கம், இரண்டு பேர் வலித்தால் வெகுதூரம் போகும். ஆனால் அந்த முழங்கால் அலை அதை அசைத்துவிட்டுப் போகுமே தவிர, ஏற்றிக்கொண்டு ஓடாது. நான் மேலே எழுதின கணக்கு முழுவதும் அந்தப் பையன்களுக்கு உடம்பிலேயே இருக்கிறது.

சர்ஃப் உலகத்திலும் இது நேற்று வந்த சங்கதி இல்லை. கலிஃபோர்னியாவில் பாப் சிம்மன்ஸ் என்பவர் 1940-களிலேயே, தண்ணீர்மேல் வழுக்கி ஓடும் மோட்டார் படகுகளின் கணக்கை எடுத்து சர்ஃப் போர்டுக்குப் போட்டுப் பார்த்தார். 1954-ல் அலையில் சிக்கி இறந்துபோனார். அவர் செய்தவை நீளமான போர்டுகள். அதே யோசனையை ஆறடிக்குள் சுருக்கி இப்போது செய்பவற்றை ‘மினி சிம்மன்ஸ்’ என்கிறார்கள். 1960-களின் கடைசியில் சான் டியகோவில் ஸ்டீவ் லிஸ், முட்டி போட்டு ஓட்டுவதற்காகக் குட்டையாக, அகலமாக, பின்பக்கம் மீன்வால் மாதிரி பிளந்த போர்டு ஒன்றைச் செய்தார். ‘ஃபிஷ்’ என்று இன்று கடையில் கிடைப்பதெல்லாம் அதன் வழிவந்தவை. அடியில் இரண்டு ஃபின் (மீன் துடுப்பு மாதிரியான தகடு) வைத்த போர்டில்தான் ஆஸ்திரேலியாவின் மார்க் ரிச்சர்ட்ஸ் 1979 முதல் 1982 வரை தொடர்ந்து உலகப் பட்டம் வாங்கினார். இடையில் 1981-ல் சைமன் ஆண்டர்சன் மூன்று ஃபின் போர்டோடு வந்து ஜெயித்த பிறகுதான் உலகமே மூன்றுக்குத் தாவியது. பெரிய அலையில் பிடிமானத்துக்கு மூன்றாவது ஃபின் தேவை. நம் அலைக்கு அது இழுவைதான். நடு ஃபின் இல்லாவிட்டால் போர்டு இன்னும் லேசாக ஓடும்.

சரி, எழுந்து நின்ற பிறகு எப்படி ஓடும்?

முதலில் தெரிவது வேகம். ஒடுக்கமான சாதாரண ஷார்ட் போர்டை இடுப்பளவு அலையில் ஓட்டுகிறவரைப் பாருங்கள், மேலும் கீழும் உந்திக்கொண்டே இருப்பார். நிறுத்தினால் மூழ்கிவிடும். அகலமான போர்டு சும்மா நின்றாலே ஓடும். அலை நடுவில் தொய்ந்துபோய்ச் சரிவே இல்லாத ஒரு பட்டை வரும் பாருங்கள், மற்ற போர்டுகள் அங்கே செத்துவிடும், இது அதைக் கடந்து அடுத்த சரிவுக்குப் போய்ச் சேரும். எனக்கு இந்த போர்டில் ரொம்பப் பிடித்த இடம் அதுதான். இன்னொன்று, சின்ன அலையின் முகப்பு சின்னது. எட்டடியைத் திருப்ப அதில் இடமே இருக்காது, மூக்கு முன்னால் தட்டும், பின்பக்கம் நுரையில் கிடக்கும். ஐந்தரை, ஆறடி போர்டு அந்த வளைவுக்குள் அடங்கும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பின்பக்கம் அகலமாக இருப்பதால் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குச் சாய்க்கக் கொஞ்சம் நேரமெடுக்கும். வெடுக்கென்று மேலே ஏறித் திரும்பும் வேலைக்கு இது சரிப்படாது, நீளமாக வளைத்துத் திருப்பத்தான் சுகம். அலை நெஞ்சளவைத் தாண்டிச் செங்குத்தாக விழ ஆரம்பித்தால் மூக்கு குத்தும், ஏனென்றால் முன்பக்கம் தூக்கல் குறைவு. கடற்காற்றில் தண்ணீர் கரடுமுரடானால் தட்டை அடிப்பாகம் படபடவென்று அடிக்கும். அலைக்கு அடியில் முங்கிப் போகிற டக் டைவும் இதில் கஷ்டம், ஃபோம் மேலே மேலே தள்ளும். இடுப்பளவு நாளில் அது பெரிய விஷயமில்லை. கையை ஊன்றி உடம்பைத் தூக்கிவிட்டால் நுரை உடம்புக்கும் போர்டுக்கும் இடையில் போய்விடும்.

இதெல்லாம் ஏன் நம் கரைக்குப் பொருந்துகிறது என்றால், இங்கே பேடில் தூரம் குறைவு. மணல் திட்டு கரையை ஒட்டியே இருக்கிறது. பாதி தூரம் நடந்தே போய்விடலாம், மிச்சம் ஐம்பது அறுபது கைவீச்சு. நீளமான போர்டின் வழுக்கலுக்கு இங்கே வேலையே இல்லை. அதை விட்டுக்கொடுத்து அகலத்தை வாங்குவது நமக்கு லாபம். அரை கிலோமீட்டர் வெளியே போய் அலை பிடிக்கிற ஊர் என்றால் நான் வேறு பதில் எழுதியிருப்பேன்.

ஆனால் வடசென்னையில் எங்கே ஓட்டுவது என்பதில் அவசரப்படாதீர்கள். துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர் வந்த பிறகு தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் அங்கேயே தங்கிவிட்டது. மெரினா விரிந்ததற்கும் ராயபுரத்திலிருந்து வடக்கே கரை கரைந்ததற்கும் காரணம் ஒன்றுதான். இன்று காசிமேடு தொடங்கி எண்ணூர் வரை பெரும்பாலும் கருங்கல் கொட்டிய கரை. கடலுக்குள் நீட்டிய கல்சுவர்களுக்கு நடுவில் அங்கங்கே மணல் தேங்கியிருக்கும். அந்தச் சுவரை ஒட்டித் தண்ணீர் கடலுக்குள் இழுத்துக்கொண்டு போகும். பழகாதவர் தனியாக அங்கே இறங்கவே கூடாது. குப்பத்துக்காரர்களைக் கேட்டுவிட்டு இறங்குங்கள். ஃபைபர் போட் கரை ஏறும்போதும் வலை இழுக்கும்போதும் தள்ளி நில்லுங்கள், அது அவர்கள் பிழைப்பு. மழைக்குப் பின் எண்ணூர் முகத்துவாரப் பக்கம் போகவே வேண்டாம், ஆற்றில் வருவது வெறும் மழைத்தண்ணீர் இல்லை. 2017 ஜனவரியில் இரண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டியபோது இந்தக் கரையின் பாறைகள் கறுத்துக் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். இந்தக் கடல் சுத்தமாக இருந்தால் இங்கேயே எத்தனை பிள்ளைகள் சர்ஃப் பழகுவார்கள் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

அதனால் இப்போதைக்கு உங்களுக்கும் கோவளம்தான், நாற்பது கிலோமீட்டருக்கு மேல். அங்கேயும் குட்டை போர்டு கைகொடுக்கும். பைக்கில் பக்கவாட்டில் ரேக் போட்டுக் கட்டிவிடலாம், எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் எட்டடியைக் கட்டிக்கொண்டு போவது ஆபத்து. விடியலிலேயே தண்ணீரில் இருக்கும்படி கிளம்புங்கள். காலையில் கரையிலிருந்து காற்று வீசும்போது அலை வழவழவென்று நிற்கும், மதியத்தை நெருங்கிக் கடற்காற்று திரும்பிவிட்டால் இந்த போர்டுக்குச் சுகமில்லை.

பழகும்போது மூன்று விஷயத்தைக் கவனியுங்கள். எட்டடியில் படுத்த இடத்தில் படுக்காதீர்கள், நெஞ்சை முன்னால் கொண்டுவாருங்கள். மூக்கு தண்ணீருக்கு இரண்டு விரல் மேலே இருந்தால் போதும். பின்னால் படுத்தால் போர்டு பிரேக் போட்ட மாதிரி நிற்கும், பேடில் ஆகவில்லை என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேர் இப்படித்தான் படுத்திருப்பார்கள். கால் இரண்டும் வெளியே தொங்கும், அதைச் சேர்த்து வையுங்கள். அப்புறம், அலைக்கு நேராக இறங்காமல் கொஞ்சம் கோணமாக இறங்குங்கள். தட்டையான போர்டு நேராக இறங்கினால்தான் குத்தும்.

இனி அளவு. நீங்கள் பார்த்து வைத்திருக்கும் ஐந்தரை அடியை இப்போது எடுக்காதீர்கள் என்பது என் அபிப்பிராயம். எட்டடி சாஃப்ட் போர்டில் அறுபது லிட்டருக்கு மேல் மிதவை (போர்டின் கனஅளவு) இருந்திருக்கும். அதிலிருந்து ஒரே தாவலில் 34, 35 லிட்டருக்கு இறங்கினால் தோள் நொந்துபோய் வெறுத்துவிடுவீர்கள். 5 அடி 10 அங்குல நீளம், 22 அங்குல அகலம், 2¾ அங்குல கனம் என்று தேடுங்கள், சுமார் 40 லிட்டர் வரும். உங்கள் எடைக்கு அது பேடிலுக்கும் போதும், திருப்புவதற்கும் போதும். தோள் ஒடுக்கமானவர் என்றால் 21½-க்கு இறங்குங்கள், அதற்கு மேல் அகலம் போனால் கை ஓரத்தில் தட்டித் தண்ணீருக்குள் சரியாக இறங்காது.

கடைசியாக, நம் ஏரியாக்காரர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. போர்டில் விரிசல் விட்டால் காசிமேட்டில் ஃபைபர் போட்டுக்கு ஒட்டுப் போடுகிறவரிடம் கொடுக்கலாமே என்று தோன்றும். அவர்கள் கை சுத்தம், வேலை அருமை. ஆனால் போட்டுக்குப் போடுவது பாலியெஸ்டர் ரெசின். உங்கள் போர்டு எபாக்ஸி வகை என்றால் உள்ளே இருப்பது தெர்மாகோல் இனத்து ஃபோம். பாலியெஸ்டர் பட்டால் அது கரைந்து குழியாகிவிடும். வாங்கும்போதே உள்ளே என்ன ஃபோம் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பியூ (பாலியூரித்தேன்) ஃபோம் என்றால் தாராளமாகக் காசிமேட்டில் கொடுக்கலாம். எபாக்ஸி என்றால் எபாக்ஸி ரெசினை நீங்களே வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்து, இதைத்தான் போட வேண்டும் என்று சொல்லி, பக்கத்தில் இருந்து செய்து வாங்குங்கள்.