மணிக்கூண்டு வேண்டாம்

கேள்வி: ஒரு காலத்தில் எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனைக்கு வெளியே சாமியானா போடுவோம். இப்போது நாற்பது பேர் வந்தால் பெரிது. பிள்ளைகள் சென்னை, பெங்களூரு, துபாய் என்று போய்விட்டார்கள். ‘இது கடைசிக் காலம்’ என்கிறார் ஆயர். மணிக்கூண்டு கட்டினால் கூட்டம் திரும்பும் என்கிறது கமிட்டி. உங்கள் கருத்து?
– சேகரக் கமிட்டி உறுப்பினர் ஒருவர், கடலூர் முதுநகர்

பதில்: கட்டாதீர்கள். பிழைப்புக்காகப் போனவர்களை மணி திருப்பி அழைக்காது. ‘கடைசிக் காலம்’ என்றும் பேச வேண்டாம். உலக முடிவு நெருங்கும்போது விசுவாசம் குறையும் என்ற அந்தப் பேச்சு, வேலை தேடிப் போன பிள்ளை மேல் பழி போடுகிறது. அமெரிக்காவில் வழிபாட்டுத் தலங்களில் உறுப்பினராக இருப்போர் 1999-ல் நூற்றுக்கு 70 பேர், 2020-ல் 47 பேர் என்கிறது கேலப் நிறுவனத்தின் கருத்துக்கணிப்பு. அங்கே பலருக்கு மனமே விலகிவிட்டது. உங்கள் பிள்ளைகள் அப்படிப் போகவில்லை.

இதைவிடப் பெரிய இழப்பை உங்கள் ஊர் பார்த்திருக்கிறது. சுவீடன் நாட்டு மிஷனரி கீர்நாந்தர் 1740-ல் கடலூர் வந்து 18 வருஷம் உழைத்தார். 1758-ல் லாலியின் பிரெஞ்சுப் படை ஊரைப் பிடித்ததும் எல்லாம் சிதறியது. கீர்நாந்தர் கல்கத்தா போய் முதலில் ஆரம்பித்தது பள்ளிக்கூடம். கோயில் 1770-ல்தான் வந்தது. மேடைகளில் அவரைப் புகழ்வோம். எனக்கு அவருடைய சகா ஹூட்டமன்தான் நெருக்கமானவர். 1760-ல் ஆங்கிலேயர் ஊரை மீட்ட பிறகு கடலூருக்கே திரும்பி வந்தவர் அவர். மிஞ்சியிருந்தவர்களோடுதானே அவர் ஆரம்பித்திருக்க முடியும்?

சரி, உங்களிடம் மிஞ்சியிருப்பவர்கள் யார்? பிள்ளைகள் பக்கத்தில் இல்லாத அப்பா அம்மாக்கள். அவர்களுக்கு சுகர் மாத்திரை வாங்கித் தர, ஆஸ்பத்திரிக்குக் கூட வர ஆள் வேண்டும். அப்புறம், வாரத்தில் ஆறு நாள் பூட்டிக் கிடக்கிறதே ஞாயிறு பள்ளி அறை, அதைச் சாயங்காலம் திறங்கள். வீட்டில் உட்கார்ந்து படிக்க இடமில்லாத துறைமுகப் பக்கத்துப் பிள்ளைகள் எந்த மதமானாலும் வரட்டும்.

அதற்கு முன்னால் ஒன்று. குடும்பப் பதிவேட்டை எடுத்து, ஊரை விட்டுப் போனவர்கள், இறந்தவர்கள் எல்லோர் பெயரையும் ஒரு ஞாயிறு ஆராதனையில் வாசியுங்கள். அழுகிறவர்கள் அழட்டும். அந்தத் துக்கத்தை இதுவரை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அதுதான் மணிக்கூண்டு ஆசையாக வெளியே வருகிறது என்று நினைக்கிறேன்.

வசூல் ஆரம்பித்திருந்தால், கொடுத்தவர்களிடம் கேட்டு அந்தப் பணத்தில் அறைக்கு விளக்கும் ஃபேனும் போடுங்கள். முதல் நாள் இரண்டே பிள்ளைகள் வந்தாலும் ஆயர் போய் அவர்களோடு உட்காரட்டும்.